தாய்லாந்தில் நான் நிரவிய தொட்டி

நான் வெளிநாட்டில் படித்தவள். இதை ஊரில் யாரும் மறுப்பதில்லை. சொன்னவுடன் சிரிப்பார்கள், அவ்வளவுதான். படித்தது மொத்தம் இரண்டே வாரம். அதில் முதல் வாரம் படித்தேன். இரண்டாவது வாரம் அந்த நாட்டுப் பெண் ஒருத்தியின் படிப்பைக் கெடுத்தேன்.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் எங்கள் கோழிப்பண்ணை இருக்கிறது. முட்டைக்கோழி, நீள நீளமான நான்கு ஷெட். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு அங்கே ஒரு வேலை உண்டு. கோழிக்குத் தீவனம் போட்டால் அது முதலில் மக்காச்சோளத் துண்டை மட்டும் பொறுக்கித் தின்னும், தூளை ஒதுக்கிவிடும். (எங்கள் வீட்டில் தம்பி உப்புமாவில் முந்திரி பொறுக்குவதும் இப்படித்தான்.) அதனால் கூண்டுகளுக்கு முன்னால் ஓடும் தொட்டியில் நான்கு விரலை விட்டுக் கிளறிக்கொண்டே நடக்க வேண்டும். கிளறினால் புதுத் தீவனம் வந்துவிட்டதென்று நினைத்து மறுபடியும் தலையை நீட்டும். குவிந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். தொட்டியில் குச்சி, சாக்குத் துண்டு ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் எடுத்துப் போட வேண்டும். இதற்குப் பெயர் நிரவுவது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பதினைந்து வருடம் நடந்திருக்கிறேன். பரீட்சைக்குப் பாடத்தை மனப்பாடம் செய்ததெல்லாம் இந்த நடையில்தான்.

இந்தக் கைகளோடுதான் தாய்லாந்து போனேன்.

அப்போது கோழியின வளர்ப்பில் முதுகலை இரண்டாம் ஆண்டு. எங்கள் துறைப் பேராசிரியர் தில்ஷாத் மேடம் சேலத்துக்காரர். செவ்வாய்ப்பேட்டையில் அவர் குடும்பத்துக்கு மொத்த மளிகை வியாபாரம். வியாபாரக் குடும்பத்தின் பிடிவாதம் அவரிடம் அப்படியே இருந்தது. மாணவர்களை ஆசிரியரே வெளிநாட்டுக்கு அழைத்துப் போய், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உட்காரவைத்துப் பாடமும் நடத்தி, ஆராய்ச்சிப் பண்ணையையும் காட்டிக் கூட்டிவருகிற குறுகியகாலப் படிப்பு ஒன்றை எங்கள் துறையில் தொடங்கியே தீருவேன் என்று இரண்டு வருடம் கடிதம் எழுதினார். எழுதி எழுதி வாங்கியும் விட்டார். பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தார். பண்ணை வீட்டுப் பிள்ளை என்பதால் என்னை முதலில் எடுத்தார். (பாவம், அதை நினைத்து அவர் பின்னாளில் எத்தனை நாள் வருந்தினாரோ.)

கிளம்புவதற்கு முன் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுந்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு சந்தேகமுங்க. கோழி வளக்கறதப் பாக்க நாமக்கல்லுல இருந்து அக்கட்ட எதுக்குங்க போவோணும்?"

"வளக்கறதப் பார்க்க இல்லீங்க. கோழிய வெச்சு எப்படி ஆராய்ச்சி பண்றாங்கன்னு பார்க்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"இல்லீங்க. வேற வேற."

அப்பா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த நானும் ஆட்டினேன். எங்கள் இருவருக்குமே அது விளங்கவில்லை என்பதற்கு அந்தத் தலையாட்டலைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு புதன்கிழமை போய் இறங்கினோம். இறங்கியவுடன் ஒரு விதியைச் சொன்னார்கள். கோழி வளர்க்கும் ஊரிலிருந்து வந்தவர்கள், நோயைக் கூட்டிவரக்கூடும். ஏழு நாள் கழித்துத்தான் ஷெட்டுக்குள் விடுவார்கள். நியாயம்தான். எங்கள் பண்ணையிலும் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் சொந்தத் தாய்மாமன்கூட உள்ளே வர முடியாது. ஆனால் அந்த ஏழு நாளும் எனக்கு நரகம். வானம் மூடிக்கொண்டு மழை பெய்தபடியே இருந்தது. குளிரூட்டிய அறையில் காலையிலிருந்து மாலைவரை திரையில் படம் படமாகப் பாடம். சோற்றில் சர்க்கரை, சாற்றில் சர்க்கரை, மீனோ எல்லாவற்றிலும். என் அறைத்தோழி கவிதா ஆட்டையாம்பட்டி தறிக்காரர் வீட்டுப் பெண், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள். நான் மூன்றாம் நாளிலிருந்து பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் ஏக்கம் என்றால் ஏதோ பாட்டில் வருகிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். அது நிஜமாகவே ஒரு வியாதி. ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். இருபத்துமூன்று வயது எருமைக்கு அழுகை!

அடுத்த புதன்கிழமை ஷெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். குளித்து, அவர்கள் கொடுத்த நீல உடுப்பை மாட்டி, பூட்ஸ் போட்டு உள்ளே நுழைந்தோம். அந்தக் கொக்கரிப்பும், அந்த வாடையும், தீவனத் தூளின் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (கவிதா அம்மோனியா என்று நினைத்தாள்.)

அங்கே எங்களுக்கு விளக்கம் சொன்னவள்தான் ப்ளோய். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயதிருக்கும், ஒல்லி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பேசுவாள். முட்டை ஓடு உடையாமல் இருக்க எந்தத் தீவனம் நல்லது என்பது அவள் கேள்வி. ஆறு வகைத் தீவனம். பார்த்தால் எல்லாம் ஒரே நிறம், ஒரே தூள். ஒரே நீளத் தொட்டியை முப்பத்தாறு பகுதிகளாகப் பிரித்து, நடுவில் முப்பத்தைந்து தகரத் தடுப்புகள் செருகி, எந்தக் கோழி எந்தத் தீவனத்தை எத்தனை கிராம் தின்கிறது என்று தினமும் எடை போட்டு எழுதுகிறாள். நான்கு மாதமாக ஒருநாள் விடாமல். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போகிறாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம். அவள் அக்காவிடம் விட்டு வந்திருக்கிற மகளுக்குத் திங்கட்கிழமை முதன்முதலாகப் பள்ளிக்கூடம்.

"கூட்டிட்டுப் போய் விடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள் இங்கிலீஷில். கைபேசியில் சின்னப் பெண்ணின் படத்தைக் காட்டினாள். முன்பல் ஒன்று இல்லை.

இதையெல்லாம் நான் கேட்டேன். காது கேட்கவில்லை, மொழி புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். முப்பத்தாறு என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

விளக்கம் முடிந்தது. வெளியே போகும்போதும் குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். பெண்களுக்கு இரண்டே குளியலறை, நாங்கள் ஏழு பெண்கள். "நான் கடைசியா வாரன், நீங்க போங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ப்ளோய் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் மட்டும் அந்த நீளமான ஷெட்டில், கோழிகளோடு.

முதலில் சும்மாதான் நின்றேன். ஒரு கோழி தொட்டியில் தலையைவிட்டு, தூளைப் பார்த்து, தலையை எடுத்துக்கொண்டது. என்னை ஒரு பார்வை பார்த்தது. எங்கள் ஊர்க் கோழி பார்க்கிற அதே பார்வை.

"என்ன சாமி, திங்க மாட்டீங்கறயா?" என்றேன். ஏழு நாளில் நான் வாய்விட்டுச் சந்தோஷமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு நடந்ததை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். விரல் தொட்டிக்குள் எப்போது போனதென்று சத்தியமாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது ஒரு தகரம் விரலில் தட்டியது. தொட்டியில் எது அடைத்திருந்தாலும் எடுத்துப் போட வேண்டும் அல்லவா? எடுத்தேன். இன்னொன்று தட்டியது. அதையும் எடுத்தேன். ஒரு இடத்தில் தீவனம் மேடாக இருந்தது, பக்கத்தில் பள்ளம். தள்ளிவிட்டேன். கோழிகள் வரிசையாகத் தலையை நீட்டிக் கொத்த ஆரம்பித்தன. அந்தச் சத்தம் இருக்கிறதே, தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஷெட்டின் அந்தக் கோடிவரை போனேன். திரும்பி வந்தேன். அழகாக நிரவிவிட்டேன். எங்கள் அப்பாவே குறை சொல்ல முடியாது. எடுத்த தகரங்களைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எடை மெஷின் பக்கத்தில் வைத்தேன். முப்பத்தைந்தும் இருந்தன. ஒன்றையும் தொலைக்கவில்லை என்பதில் எனக்கு அப்போது பெருமை.

ப்ளோய் உள்ளே வந்தாள். தகர அடுக்கைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். மறுபடியும் தகர அடுக்கைப் பார்த்தாள்.

"முழுக்கவா?" என்று கேட்டாள்.

"முழுக்க! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை!" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஓகே. ஓகே" என்றாள். கையைக் கூப்பி லேசாகக் குனிந்தாள். நான் இன்னும் ஆழமாகக் குனிந்தேன்.

நன்றி சொல்கிறாள் என்றே நினைத்தேன். குளித்துவிட்டு வந்து எல்லோரிடமும் பெருமையடித்தேன். சாயங்காலம் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு, "அப்பா, இங்கத்த ஷெட்டப் பூரா நானே நெரவி உட்டனுங்க" என்றேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வேலையாட்களிடம் ஓடினார். "பாருங்கடா, என்ற புள்ள வெளிநாட்டுக்காரனுக்கே தொழில் கத்துக் குடுக்கறா!" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்குத்தான் தட்டில் வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் தில்ஷாத் மேடம் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"கோகிலா, நேத்து தொட்டியில கை வெச்சியா?"

"வெச்சனுங்க மேடம். பூரா நெரவி உட்டுட்டனுங்க. தகரமெல்லாம் பத்திரமா அடுக்கி வெச்சிருக்கனுங்க."

மேடம் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை இழுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறு தீவனத்தையும் ஒண்ணாக் கலக்கிட்டியேம்மா. எந்தக் கோழி எதத் தின்னுச்சுன்னு இனிமே யாருக்குத் தெரியும்? அவ கைடு கடைசி நாலு வாரத்த மறுபடியும் செய்யச் சொல்லிட்டார். இன்னைல இருந்து நாலு வாரம்."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த முன்பல் இல்லாத வாய்தான்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம்..." என்றேன்.

"போக முடியாது. தினமும் அவதான் எட போடணும். வேற கை பட்டா அதுவும் கெடும்."

"அவங்க சிரிச்சாங்களே மேடம்!"

"வந்த விருந்தாளி முன்னாடி அழக்கூடாதுன்னு சிரிச்சிருக்கா. நீ போனப்பறம் தீவன மூட்டைக்குப் பின்னால உட்கார்ந்து அழுதிருக்கா." மேடம் எழுந்தார். "ரெண்டு வருஷம் கடுதாசி எழுதுனேன் கோகிலா" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். எங்களுக்குத் தெரிந்த பெரிய மன்னிப்பு காலில் விழுவது. ஆய்வகத்து நடைபாதையில் ப்ளோயைப் பார்த்ததும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அவர்கள் ஊரில் காலைத் தொடுவது எவ்வளவு தகாத காரியம் என்று முதல்நாள் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். (அதையும் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பேட்டை என்ன சொல்ல!) ப்ளோய் பதறித் துள்ளி, என்னைவிடத் தாழ்வாக இருக்க வேண்டுமென்று அவளும் மண்டியிட்டாள். நான் இன்னும் தரையோடு ஒட்டினேன். அவளும் குனிந்தாள். இரண்டு பேரும் இப்படியே போட்டி போட்டுக்கொண்டு தரையில் கிடக்க, டீக்கோப்பையோடு வந்த அவளுடைய கைடு, தாண்டிப் போகவும் வழியில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றார். மேடம்தான் ஆளுக்கொரு கையாகப் பிடித்து எழுப்பினார்.

அதற்குப் பிறகு மற்ற பத்துப் பேரும் கடல் பார்க்கவும் கோயில் பார்க்கவும் போனார்கள். நான் ஷெட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ப்ளோயும் நானும் அந்த நீளத் தொட்டியிலிருந்த தீவனம் அத்தனையையும் பிரஷ்ஷால் கூட்டி அள்ளி வெளியே கொட்டினோம். தகரங்களை ஒவ்வொன்றாக மறுபடியும் செருகினோம். எனக்குக் கையுறை கொடுத்தாள். தொட்டிக்குள் கைவிடும் முன் ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்ப்பேன். அவள் தலையசைத்த பிறகுதான் விடுவேன். கவிதா கடற்கரையிலிருந்து படம் படமாக அனுப்பினாள். ஒன்றையும் பெரிதாக்கிப் பார்க்க மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ளோய் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து ஊருக்குப் போன் செய்தாள். ஏதோ மெதுவாகச் சொன்னாள். அந்தப் பக்கம் குழந்தை ஒரு கேள்வி கேட்டது. ப்ளோய் பதில் சொன்னாள். குழந்தை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. பிறகு அழ ஆரம்பித்தது. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் எல்லாம் விளங்கியது. நான் கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன்.

போனை வைத்ததும் அவளிடம் போனேன். "நீங்க போயிட்டு வாங்க. ரெண்டு நாள் நான் பார்த்துக்கறேன். கிராம் கிராமா எட போட்டு எழுதி வெச்சிடறேன்" என்றேன்.

ப்ளோய் என் கைகளைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் நிஜமாகவே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துவிட்டு, "வேண்டாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் அக்காவிடமிருந்து படம் வந்தது. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, ரெட்டை ஜடை. பள்ளிக்கூட வாசலில் குழந்தை நிற்கிறது. காமிராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், சாலையைப் பார்க்கிறது. பஸ் வருகிற பக்கமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ப்ளோய் படத்தை என்னிடம் நீட்டி, "அழகா இருக்கா இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் இருபத்திரண்டாம் எண் பகுதியை எடை போட்டாள், நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினோம். அப்பா சேலத்துக்கே வந்து காத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பண்ணை வாசலில் இறங்கியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒறம்பரையா, விருந்தாளியாப் போன எடத்துல அடுத்தவங்க தொட்டில கை வெப்பாங்களா சாமி?" என்றார். கொஞ்சம் கழித்து, "வளக்கறதும் ஆராய்ச்சியும் வேற வேறன்னு அந்த மேடம் சொன்னாங்க. நாந்தான் கேக்கல" என்றார்.

மறு வருடம் அந்தப் படிப்பு நடக்கவில்லை. அதற்குப் பல காரணம் என்று தில்ஷாத் மேடம் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரு காரணம்தான்.

ப்ளோய் பட்டம் வாங்கியபின் தன் ஆய்வேட்டை எனக்கு அனுப்பினாள். நடுவில் ஒரு இடத்தில் ஒரு வரி: பார்வையாளர் ஒருவரால் தீவனங்கள் கலந்துவிட்டதால் கடைசி நான்கு வாரச் சோதனை திரும்பச் செய்யப்பட்டது. இங்கிலீஷில் 'விசிட்டர்' என்று போட்டிருந்தாள். என் பெயரைப் போடவில்லை, அது அவள் குணம். நான் ஒரு முட்டாள், அந்த வரியை வீட்டில் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். "விசிட்டரு வாரா, தொட்டிய மூடுங்கடா" என்பான் தம்பி. கல்யாணப் பந்தியில் என் கணவருக்கும் எனக்கும் இலை போட்டபோது, அம்மா நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டைச் செருகி நிறுத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ எங்கள் குலத்து வழக்கம் என்று நினைத்து அடுத்த பந்திக்கும் கேட்டார்கள்.

இப்போது நான் ராசிபுரத்துப் பக்கம் ஒரு தீவன ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். எங்கள் சோதனை ஷெட்டுக்கு இரண்டு பூட்டு. சாவி இரண்டும் என்னிடம். பண்ணைக்காரர் யார் பார்க்க வந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன்.

இந்த ஜூன் மாதம் என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். முதல்நாள் லீவு போட்டேன். அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலில் அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீச்சர் வந்து கூட்டிப் போகும்போது நானும் இரண்டடி உள்ளே எடுத்து வைத்தேன்.

"ஏ விசிட்டரு, நில்லு! உள்ள போயி பெஞ்சையெல்லாம் நெரவி உட்றாத. கையக் கட்டிக்க!" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கதை தெரிந்த என் மகளும் அழுகையோடு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளை ஒரு படம் எடுத்தேன். திரும்பி என்னையே பார்க்கிறாள், நேராக. ப்ளோயின் எண் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அவள் பெயரை எடுத்து, படத்தையும் சேர்த்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுப்பவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அப்பா சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.